மைனஸ் 127 டிகிரியில் எரிந்த பல்பு

போன ஐப்பசி மழையில் எங்கள் பெருவிடைக் கோழி ஒன்று 13 முட்டைகளை அவயம் காத்துக்கொண்டிருந்தது. ஒன்பதாம் நாள் இரவு மரநாய் வந்து கோழியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. விடிந்து பார்த்தபோது கூடையில் வைக்கோல் கலைந்திருந்தது; முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன. அடை உட்காரும் நிலையில் வேறு கோழி இல்லை. என் மாமியார் முட்டைகளைப் பழைய சேலையில் சுற்றி அடுப்பு மேடையின் ஓரத்தில் வைத்து இரண்டு நாள் பார்த்தார். பிறகு அவரே எடுத்துக்கொண்டுபோய்த் தென்னை மரத்தடியில் புதைத்தார்.

கோழியின் வயிற்றுச் சூட்டை ஒரு பெட்டிக்குள் கொண்டுவர முடியுமா என்று அந்த வாரம்தான் யோசிக்கத் தொடங்கினேன். நான் பி.காம். படித்தவள். காங்கேயம் பக்கம் ஒரு கொப்பரை உலர்களத்தில் 16 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஃபியூஸ் போடும் அளவுக்குத்தான். மைக்ரோகன்ட்ரோலர் (ஒரு கருவியை இயக்கும் சிறு கணினிச் சிப்) பழக ஆசைப்பட்டு, "நமக்கு அந்தப் படிப்பு இல்லையே" என்று ஒதுங்கி நிற்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்த வேலை வரும். கையில் வந்த எண் எங்கிருந்து வந்தது, அதை நம்பி அடுத்த காரியத்தைச் செய்யலாமா என்று கேட்கிற பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. இந்த வேலையில் பாதி அதுதான்.

போர்டு எங்கள் வீட்டுப் பரணிலேயே இருந்தது. அக்கா மகன் கோவையில் படித்தபோது இறுதியாண்டு வேலைக்காக வாங்கிய ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. படிப்பு முடிந்து பெங்களூருக்குப் போகும்போது ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தான். டப்பாவுக்குள் பற்றவைக்காமல் கம்பிகளைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டு, ஒரு கட்டு ஜம்பர் வயர், போர்டு சொல்கிறபடி சுவிட்ச் தட்டும் ரிலே மாட்யூல் இரண்டு, நீல நிறத்தில் டிஎச்டி11 என்ற சென்சார், கொஞ்சம் எல்.இ.டி., கொஞ்சம் ரெசிஸ்டர். போனில் கேட்டேன்.

"தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் சித்தி. 5 வோல்ட் பக்கம் என்ன வேண்டுமானாலும் செய்து பாருங்கள். 230 வோல்ட் பக்கம் மட்டும் தனியாகக் கை வைக்காதீர்கள்" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தை இன்றுவரை மீறவில்லை. பல்புக்கும் மோட்டாருக்கும் போகிற வயர் வேலை முழுவதையும் எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் செய்து கொடுத்தார். என் கை பட்டதெல்லாம் போர்டின் பக்கம் மட்டும்.

ஊனோ நம் ஆதார் அட்டையைவிடச் சற்றுச் சிறியது. அதன் நடுவில் ஏட்மெகா328பி என்ற சிப் இருக்கிறது. நாம் எழுதும் நிரலுக்கு 32 கிலோபைட் இடம், ஓடும்போது எண்களை வைத்துக்கொள்ள 2 கிலோபைட். செல்போனோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் இந்தச் சிப்புக்கு வேறு வேலை கிடையாது. மின்சாரம் கொடுத்த நொடியிலிருந்து நாம் எழுதிய ஒரே நிரலை ஓட்டும். அழைப்பு வராது, விளம்பரம் வராது, புதுப்பித்துக்கொள்கிறேன் என்று நின்றுவிடாது. 21 நாள் இடைவிடாமல் ஒரு பெட்டியைக் கவனிக்க எனக்கு வேண்டியது இப்படிப்பட்ட ஆள்தான்.

இந்த போர்டு பிறந்தது இத்தாலியின் இவ்ரியா என்ற ஊரில், 2005ஆம் ஆண்டில், ஒரு வடிவமைப்புக் கல்விக்கூடத்தில். மின்னணுவியல் படிக்காத மாணவர்களும் கையாளும்படி இருக்க வேண்டும் என்பதே அதைச் செய்தவர்களின் நோக்கம். அதற்கு இரண்டு வருடம் முன்பு அதே இடத்தில் எர்னாண்டோ பர்ராகான் என்ற மாணவர் தன் ஆய்வுக்காகத் தொடங்கிய வயரிங் என்ற வேலைதான் இதற்கு அடித்தளம். அவர் பெயர் அதிகம் பேசப்படுவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். காங்கேயத்தில் கணக்கு எழுதுகிற ஒருத்திக்கு இந்தக் கருவி எட்டியதில் அவருக்கும் பங்கு உண்டு.

முதல் மாலை முழுவதும் கணினி என் போர்டைக் கண்டுகொள்ளவே இல்லை. போர்டில் விளக்கு எரிகிறது, ஆனால் கணினியின் பட்டியலில் அதன் பெயர் வரவில்லை. என்னுடையது மைக்ரோ யு.எஸ்.பி. துளை உள்ள நகல் போர்டு. செல்போனுக்கு சார்ஜ் போடும் கேபிளைச் செருகியிருந்தேன். சார்ஜ் போடுவதற்கென்றே வருகிற சில கேபிள்களில் மின்சாரம் போகும் இரண்டு கம்பிகள்தான் இருக்கும். தகவல் போகிற மற்ற இரண்டு கம்பிகள் இருக்காது. கேபிளை மாற்றி, நகல் போர்டில் இருக்கும் சிஎச்340 என்ற சிப்பைக் கணினிக்கு அடையாளம் காட்டும் டிரைவர் என்ற மென்பொருளையும் ஏற்றியதும் பட்டியலில் வந்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவர்கள் பலர் இந்த இடத்திலேயே போர்டு கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள்.

நிரலுக்கு இரண்டு அறைகள். செட்டப் என்பது காலையில் களம் திறக்கும்போது ஒரே ஒரு முறை செய்கிற வேலை. லூப் என்பது அதற்குப் பிறகு ஓயாமல் திரும்பத் திரும்பச் செய்கிற வேலை. எல்லோரையும்போல நானும் 13ஆம் எண் காலில் (போர்டில் கம்பி செருகும் முனையைக் கால் என்கிறேன்) இருக்கும் சிறு விளக்கை ஒரு வினாடிக்கு ஒரு முறை அணைத்து ஏற்றினேன். அந்த ஒரு வினாடியை 100 மில்லி வினாடியாக மாற்றி மறுபடி ஏற்றியபோது விளக்கு படபடவென்று துடித்தது. நான் எழுதிய எண்ணுக்கு ஒரு பொருள் பணிந்து நடந்ததை அன்றுதான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். அந்த மகிழ்ச்சி இப்போதும் இருக்கிறது.

இங்கிருந்து நேராக ரிலேவுக்குத் தாவிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒன்றைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் முதலில் அதைச் சில நாள் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் 8 நாள் பார்த்தேன்.

கோழி முட்டைக்கு, உள்ளே காற்று சுழலும் பெட்டியில், 37.5 டிகிரி செல்சியஸ் வேண்டும். டப்பாவில் இருந்த டிஎச்டி11 சென்சார் வெப்பத்தில் 2 டிகிரி வரை முன்பின்னாகச் சொல்லக்கூடியது. அதை நம்பி 37.5 என்று நாம் நினைக்கும்போது உள்ளே 35.5 ஆகவும் இருக்கலாம், 39.5 ஆகவும் இருக்கலாம். முதல் எண்ணில் குஞ்சு பலவீனமாகும். இரண்டாவதில் கரு செத்துவிடும். அறையின் வெப்பத்தை அறிய அது போதும், முட்டைக்குப் போதாது. அதனால் டிஎஸ்18பி20 என்ற சென்சாரை வாங்கினேன். எஃகு முனையோடு நீளமான வயரில் வரும். அரை டிகிரிக்குள் சொல்லும். மூன்று கம்பிகள்தான், தகவல் கம்பிக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட வேண்டும்.

அரை டிகிரியும் எனக்குப் பெரிதாகத்தான் தெரிந்தது. வீட்டில் காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் வெப்பமானி இருந்தது. அது 0.1 டிகிரிக்குள் சொல்வது. அதுவும் நமக்கு வேண்டிய 37, 38 வட்டாரத்தில். ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி இரண்டையும் சேர்த்து முக்கினேன். வெப்பமானி 37.9, சென்சார் 38.2. நீர் ஆற ஆற ஐந்து முறை குறித்தேன். ஐந்திலும் சென்சார் 0.3 அதிகம் காட்டியது. நிரலில் அந்த 0.3ஐக் கழித்துக்கொள்ள ஒரு வரி எழுதினேன். வங்கிக் கணக்கையும் நம் புத்தகத்தையும் ஒத்துப் பார்க்கிற அதே வேலை.

பிறகு பெட்டி. மீன் வருகிற தடித்த தெர்மாக்கோல் பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, மூடியின் உட்புறம் இரண்டு 60 வாட் குண்டு பல்புகளை மாட்டச் சொன்னேன். முட்டை வைக்காமல், ரிலே இல்லாமல், கையால் சுவிட்சைப் போட்டும் அணைத்தும், சென்சாரைப் பெட்டிக்குள் ஒன்பது இடங்களில் மாற்றி மாற்றி வைத்துக் குறித்தேன். மேல்மூலையில் 41 டிகிரி இருக்கும்போது தட்டின் அடியில் 35. ஒரே பெட்டிக்குள் 6 டிகிரி வித்தியாசம். இதில் எந்த இடத்து எண்ணை வைத்துக்கொண்டு நிரல் எழுதினாலும் மற்ற எட்டு இடத்து முட்டைகளுக்கு அது பொய்க் கணக்கு. பழைய கணினியிலிருந்து கழற்றிய 12 வோல்ட் விசிறியை உள்ளே வைத்துக் காற்றைச் சுழல விட்டதும் வித்தியாசம் அரை டிகிரிக்குள் வந்தது. நிரலால் சரிசெய்ய முடியாத இந்தக் குறையை ஒரு விசிறி சரிசெய்தது. ரிலேவை அன்றே மாட்டியிருந்தால், நிரலில்தான் தவறு என்று நினைத்து வாரக்கணக்கில் அதைத் திருத்திக்கொண்டிருந்திருப்பேன்.

ஒன்பதாம் நாள் ரிலே வந்தது. போர்டின் ஒரு கால் தாங்கக்கூடியது 20 மில்லி ஆம்பியர், ஒரு எல்.இ.டி. எரியும், பல்பு எரியாது. ரிலே என்பது இந்தச் சிறு சைகையைக் கேட்டுப் பெரிய சுவிட்சைத் தட்டுகிற கை. நடுவில் மின்தொடர்பு கிடையாது. என்னிடம் இருந்த மாட்யூல் தலைகீழாக வேலை செய்வது: காலில் 5 வோல்ட் இருந்தால் அணையும், 0 வந்தால் எரியும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. போர்டு விழித்ததும் அந்தக் காலை வெளியீடு என்று அறிவித்தால், அறிவித்த நொடியில் அது 0 நிலையில் இருக்கும். ரிலே ஒரு முறை 'டக்' என்று தட்டி, அடுத்த வரி வந்த பிறகே அணையும். ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் பல்பு ஒரு கணம் மின்னும். வரிகளை இடம் மாற்றி, முதலில் காலுக்கு 5 வோல்ட் நிலையைச் சொல்லிவிட்டுப் பிறகு வெளியீடு என்று அறிவித்தால் அந்தத் தட்டல் நின்றுவிடும். பல்புக்கு இது சின்ன விஷயம். அதே இடத்தில் ஒரு கிணற்று மோட்டாரோ அறுவை இயந்திரமோ இருந்தால் அந்த ஒரு கணம் யார் கையையாவது பிடித்துவிடும். நிரலின் முதல் வரி எதையும் இயக்காமல் இருப்பதற்கான வரியாக இருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து வைத்துக்கொண்டேன்.

37.5க்குக் கீழே போனால் பல்பை ஏற்று, மேலே போனால் அணை. என் முதல் நிரல் இவ்வளவுதான். மாலையில் மாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். பெட்டியிலிருந்து டக், டக், டக் என்று சத்தம். போய்ப் பார்த்தால், சென்சாரின் எண், 0.3 கழித்த பிறகு, 37.45, 37.51, 37.45, 37.51 என்று மாறி மாறி வந்துகொண்டிருந்தது. அதன் மிகச் சிறிய படி 0.0625 டிகிரி. ஒரு படி ஏறினால் அணைக்கிறது, ஒரு படி இறங்கினால் ஏற்றுகிறது. ஒரு நிமிடத்தில் 14 தட்டல் எண்ணினேன். இப்படியே விட்டால் ரிலேயின் முனைகள் கருகிப் போகும். ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு எண் வைத்தேன். 37.3க்கு இறங்கினால் ஏற்று, 37.7ஐத் தொட்டால் அணை. நடுவில் இருந்தால் இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே விடு. தட்டல் நான்கைந்து நிமிடத்துக்கு ஒன்றாகக் குறைந்தது.

ஆனாலும் 37.7இல் அணைத்த பிறகு பெட்டி 38.4 வரை ஏறியது. பல்பின் கண்ணாடியில் தேங்கிய சூடு அணைத்த பின்னும் வந்துகொண்டே இருக்கிறது. இணையத்தில் தேடியபோது பலரும், வேண்டிய வெப்பத்தை நெருங்க நெருங்கச் சூட்டைக் குறைத்துக்கொள்ளும் பிஐடி என்ற கணக்கு முறையைப் போடச் சொன்னார்கள். அருமையான முறைதான், பிறகு கற்றுக்கொண்டேன். ஆனால் எனக்குத் தேவைப்பட்டது இரண்டு 25 வாட் பல்புகள். 120 வாட் இருந்த இடத்தில் 50 வாட் வந்ததும் ஏற்றம் நிதானமானது, மிஞ்சுவது 0.2க்குள் அடங்கியது. தொடங்குபவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன்: நிரலைக் கெட்டிக்காரத்தனமாக ஆக்குவதற்கு முன், சூடேற்றுகிற பொருளின் பலம் தேவைக்கு மிஞ்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

மார்கழி பிறந்ததும் 12 முட்டைகள் வைத்தோம். ஐந்தாம் நாள் மாலை களத்தில் இருந்தபோது மாமியாரிடமிருந்து போன்.

"கண்ணு, பெட்டிப் பக்கம் போனால் முட்டை வேகிற வாசம் வருகிறது. நான் சுவிட்சை அணைத்துவிட்டேன்."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். உள்ளே வைத்திருந்த கண்ணாடி வெப்பமானியின் கோடு, பெட்டி ஆறத் தொடங்கிய பிறகும், 50க்கு மேல் நின்றது. கணினியைத் திறந்தேன். போர்டு அனுப்பிய எண்கள் திரை முழுக்க வரிசையாக நின்றன. மதியம் வரை 37.4, 37.6. அதன் பிறகு ஒரே எண், நூற்றுக்கணக்கான வரிகள்: மைனஸ் 127, மைனஸ் 127, மைனஸ் 127.

விசிறியின் அதிர்வில் பிரெட்போர்டிலிருந்து சென்சாரின் தகவல் கம்பி கழன்றிருந்தது. சென்சார் பதில் சொல்லாவிட்டால் அதைப் படிப்பதற்காகப் பிறர் எழுதித் தந்த நிரல் நூலகம் மைனஸ் 127 என்ற எண்ணைத் தரும். "எனக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்பதை அது அந்த எண்ணால் சொல்கிறது. என் நிரல் அதை வெப்பமாக எடுத்துக்கொண்டது. மைனஸ் 127 என்பது 37.3ஐவிடக் குறைவு, ஆகவே பல்பை ஏற்று. நான் எழுதியதை அது எழுத்துப் பிசகாமல் செய்தது. சூடு ஏற ஏற அது இன்னும் குளிர்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தது.

12 முட்டைகளும் போயின. மாமியார் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுபடி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தென்னை மரத்தடிக்குப் போனார். நான் கூடப் போய்க் குழி வெட்டினேன்.

அன்று இரவு நிரலை முழுவதும் அழித்துவிட்டு வேறு வரிசையில் எழுதினேன். முன்பு, படி, முடிவு செய், தட்டு என்று இருந்தது. இப்போது, படி, நம்பலாமா என்று பார், நம்பலாம் என்றால் மட்டும் முடிவு செய். 15 டிகிரிக்குக் கீழோ 45க்கு மேலோ எந்த எண் வந்தாலும் அதை ஏற்பதில்லை. இரண்டு வினாடிக்கு முன்பு வந்த எண்ணோடு 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் ஏற்பதில்லை. மின்சாரம் தடுமாறி மீண்டும் வந்தால் இந்தச் சென்சார், புதிதாக அளக்கும் வரை, 85 என்ற எண்ணைச் சொல்லும். அதுவும் இந்த வலையில் சிக்கிவிடும். தொடர்ந்து மூன்று முறை நம்ப முடியாத எண் வந்தால் பல்பு அணையும், பஸ்ஸர் அலறும். அணைப்பதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. கோழியே இரை தின்னத் தினமும் கூட்டை விட்டு எழுந்து போகிறது. முட்டை சிறிது நேரம் ஆறினால் தாங்கும். வெந்தால் தாங்காது. கெட்டுப்போனால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதைச் சிப் தீர்மானிக்க முடியாது. முட்டையைத் தெரிந்தவர்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

நிரலை மட்டும் நம்பவும் இப்போது மனம் வரவில்லை. 40 டிகிரியில் தானாகத் திறந்துகொள்ளும் வெப்பச் சுவிட்ச் ஒன்றைப் பல்புக்குப் போகும் வழியில் எலக்ட்ரீஷியன் அண்ணன் மாட்டிக் கொடுத்தார். அதற்குள் இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு தகடு, அவ்வளவுதான். போர்டு செத்தாலும், ரிலே ஒட்டிக்கொண்டாலும், சூடு ஏறினால் அது வளைந்து மின்சாரத்தை வெட்டிவிடும். பிரெட்போர்டை விட்டுவிட்டு எல்லா இணைப்புகளையும் பற்றவைத்துக்கொண்டேன். போர்டுக்குள்ளேயே இருக்கும் வாட்ச்டாக் என்ற காவலையும் போட்டேன்: நிரல் எங்காவது சிக்கி 8 வினாடி மூச்சுவிடாமல் நின்றால் சிப் தன்னைத் தானே மறுபடி தொடங்கிக்கொள்ளும்.

பஸ்ஸரைச் சோதிக்க, முட்டை வைக்கும் முன் நானே சென்சார் கம்பியைப் பிடுங்கிப் பார்த்தேன். ஆறு வினாடியில் அலறியது. மறுபடி செருகினேன். மறுபடி பிடுங்கினேன். மாமியார் வந்து நின்று, "நானும் ஒரு தடவை பிடுங்கிப் பார்க்கிறேன்" என்றார். பிடுங்கினார். அலறியது. அதன் பிறகே அடுத்த முட்டைகளை எடுத்துக் கொடுத்தார்.

இந்த முறை 24. முட்டையைத் திருப்புவதற்கும் ஏற்பாடு செய்திருந்தேன். கோழி தன் அலகால் ஒரு நாளில் பல முறை முட்டையைப் புரட்டும். புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றுகிற மெதுவான மோட்டாரை வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தட்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்வதாக ஏற்பாடு. பத்து வினாடிக்கு ஒரு முறை என்று வைத்துச் சோதித்தேன், அழகாகச் சாய்ந்தது. பத்து வினாடியை எடுத்துவிட்டு இரண்டு மணி நேரத்தைப் போட்டேன். முட்டைகளின் ஒரு பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கத்தில் வட்டம். தட்டு சாய்ந்தால் குறிகளும் பக்கம் மாறும்.

காலையில் பெருக்கல் குறிகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. மாலையிலும் அதே பெருக்கல் குறிகள். மறுநாள் காலையிலும் அவையே.

மோட்டாரைக் கையால் ஓட்டினால் ஓடுகிறது. ரிலே தட்டுகிறது. பத்து வினாடி என்று மாற்றினால் சாய்கிறது. இரண்டு மணி நேரம் என்றால் மட்டும் அசைவதில்லை. நான் எழுதியிருந்தது இதுதான்: 2 பெருக்கல் 60 பெருக்கல் 60 பெருக்கல் 1000. மில்லி வினாடிக் கணக்கில் 72 லட்சம். பள்ளிக் கணக்கு; தவறே இல்லை. ஆனால் ஊனோவில் சாதாரண முழு எண்ணுக்கு 16 பிட் இடம்தான். அதில் மைனஸ் 32,768 முதல் 32,767 வரையே அடங்கும். பத்து வினாடி என்பது 10,000, அடங்கிவிட்டது. 72 லட்சம் அடங்காது. நிரம்பி வழிந்து, சுற்றிச் சுற்றி வந்து, மைனஸ் 8,960இல் போய் நின்றிருக்கிறது. அந்த எண்ணைக் கழித்தல் குறி இல்லாத 32 பிட் இடத்தில் வைத்திருந்தேன். அங்கே அது 429 கோடியே 49 லட்சத்து 58 ஆயிரத்து 336 ஆக மாறிவிட்டது. நாளாக்கிப் பார்த்தால் 49 நாளும் 17 மணி நேரமும். குஞ்சு வெளியே வரும் 21ஆம் நாள் வரை என் தட்டு ஒருமுறைகூடச் சாய்ந்திருக்காது.

1000 என்ற எண்ணுக்குப் பின்னால் யூ, எல் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால் போதும். 1000ஆல் பெருக்கும்போது கணக்கு பெரிய இடத்துக்கு மாறிவிடும்; அதுவரை வருகிற 7,200 சின்ன இடத்திலேயே அடங்கும். அதையும்விட முக்கியமான ஒன்றை அன்று தெரிந்துகொண்டேன். நிரலை மொழிபெயர்க்கும் மென்பொருள் இந்தப் பிழையைக் கண்டுபிடித்து எச்சரிக்கத் தயாராகவே இருந்தது. ஆர்டுயினோ மென்பொருளின் அமைப்பில் எச்சரிக்கைகள் காட்டப்படாமல் அடக்கி வைக்கப்பட்டிருந்தன. அதை மாற்றியதும் அந்த வரியைச் சுட்டி, எண் வழிந்துவிட்டது என்று தெளிவாகச் சொன்னது. புது போர்டு வாங்குபவர்கள் முதல் நாளே எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பாடங்களில் ஏன் முதல் பக்கத்தில் சொல்வதில்லை என்று எனக்கு இன்னும் ஆதங்கம்.

மின்வெட்டு வந்தால் போர்டின் கடிகாரம் பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். இன்று எத்தனையாவது நாள் என்று அதற்குத் தெரியாது. 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்த வேண்டும் என்பதால் நாள் கணக்கு முக்கியம். சிப்புக்குள் மின்சாரம் போனாலும் அழியாத 1 கிலோபைட் இடம் இருக்கிறது. ஒரு லட்சம் முறை எழுதலாம். மணிக்கு ஒரு முறை எழுதினால் 21 நாளில் 504. தாராளம்.

எந்த போர்டு வாங்கலாம் என்று களத்துக்கு வருகிறவர்களும் கேட்கிறார்கள். வைஃபை வேண்டும் என்றால் ஈஎஸ்பி32 நல்லது. எங்கிருந்தாலும் செல்போனில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதன் கால்கள் 3.3 வோல்ட், 5 வோல்ட் சென்சாரைத் தெரியாமல் மாட்டினால் சிப் போய்விடக்கூடும். என் அபிப்பிராயத்தில் முதல் பெட்டிக்கு ஊனோதான் பொருத்தம். தவறான கம்பிகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், ஐந்து வோல்ட் மாட்யூல்கள் எல்லாம் அதற்கு நேராகப் பொருந்தும். கூடவே ஒரு மல்டிமீட்டரும் ஒரு நோட்டும் வாங்குங்கள்.

ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் வைத்து முட்டைகளைப் பார்த்தோம். மாமியார் கையில் எடுத்த மாத்திரத்திலேயே மூன்றைக் கூமுட்டை என்று ஒதுக்கினார். நான் வெளிச்சத்தில் காட்டியபோது அந்த மூன்றும் வெறிச்சென்று இருந்தன. மற்ற 21இலும் சிவப்பு நூல் போல நரம்புகள் பரவியிருந்தன.

20ஆம் நாள் பின்னிரவில் முதல் கீச்சுக் குரல் கேட்டது. 21ஆம் நாள் இருட்டுவதற்குள் 17 குஞ்சுகள். மாமியார் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கூடையில் விட்டார்.

மீதி நான்கு முட்டைகளில் குஞ்சுகள் முழுதாக வளர்ந்திருந்தன, வெளியே வரவில்லை. உடைத்துப் பார்த்தபோது உள்சவ்வு காய்ந்து, குஞ்சின் மேல் இறுகி ஒட்டியிருந்தது. கடைசி மூன்று நாளில் உள்ளே ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். தண்ணீர்த் தட்டு வைத்திருந்தேன், ஆனால் அந்த மூன்று நாளும் ஈரப்பதத்தை நான் அளக்கவில்லை. ஆசையில் நானும் மாமியாரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் மூடியை எத்தனை தடவை திறந்தோம் என்றும் கணக்கு இல்லை.

டிஎச்டி22 என்ற சென்சார் போன வாரம் வந்தது. உப்பையும் தண்ணீரையும் கூழாகக் குழைத்து மூடிய டப்பாவில் வைத்தால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும் என்று படித்து, அதற்குள் வைத்து ஒத்துப் பார்த்தேன்; 73 காட்டியது. பெட்டி மூடியின் விளிம்பில் ஒரு சிறு சுவிட்சும் வைத்திருக்கிறேன். யார் திறந்தாலும், எத்தனை வினாடி திறந்திருந்தது, எவ்வளவு ஈரம் இறங்கியது, மறுபடி ஏற எத்தனை நிமிடம் ஆனது என்று போர்டு எழுதி வைக்கும். இன்று மாலை காலிப் பெட்டியை 20 வினாடி திறந்து மூடினேன். 68இலிருந்து 41க்கு இறங்கியது. மறுபடி 65ஐத் தொட 26 நிமிடம் ஆயிற்று. நோட்டில் அதற்கென்று புதிதாக ஒரு பத்தி போட்டிருக்கிறேன். முட்டை வைப்பதற்கு முன் இன்னும் ஒரு வாரம் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.